பதினான்கு அங்குல வெள்ளைக்காரர்

போன கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பெண். பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் இங்கிலாந்துப் பத்திரிகையாசிரியர்களைப் பற்றி வந்த கட்டுரைகளைத் திரட்டுகிறாளாம்.

"ஐயா, ஜோர்ஜ் ஹார்க்லென் எண்டு ஒராளைப்பற்றி நீங்கள் எழுதியிருக்கிறியள். வேற ஒரு இடத்திலயும் அவரைக் காணேல்லை. எந்தப் புத்தகத்தில எடுத்தனீங்கள்?"

காணக் கிடைக்காது. அவரைப் பெற்றவனே நான்தான். "பிறகு எடுக்கிறன் பிள்ளை" என்று சொல்லி, முருங்கைக்காயை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு நடையைக் கட்டினேன். வழியில் ஒரு கராஜ் வாசலில் பையன் ஒருவன் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தான். அந்த மணம் போதாதா? நேரே கொட்டாஞ்சேனையில் கொண்டுபோய் விட்டது.

கொட்டாஞ்சேனையில்தான் எங்கள் பத்திரிகையும், ஈய எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவும் அதன் அச்சுக்கூடமும் இருந்தன. நான் உதவி ஆசிரியன். பதவியின் பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், தேநீருக்குச் சொல்லி அனுப்புவதும் என் வேலைதான். தணிக்கை உச்சத்தில் இருந்த காலம் அது. பிற்பகலில் பக்கங்களின் அச்சுப்படி தணிக்கை அதிகாரியிடம் போகும், சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும். வெட்டியதைப் போடக்கூடாது. அதைவிட மோசம், வெட்டிய இடத்தை வெறுமையாக விடவும் கூடாது. பக்கம் நிறைந்திருக்க வேண்டும்.

எதைப் போட்டு நிரப்புவது? எங்கள் ஆசிரியரிடம் அட்டை கழன்ற பருத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. இரண்டு மூன்று நூற்றாண்டுக்கு முந்திய பிரித்தானியப் பத்திரிகைக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகள். நாடாளுமன்றத்தில் குறிப்பெடுக்க விடாததால் பேச்சையெல்லாம் மனதில் பதித்துவந்து எழுதியவர், சிறைக்குள் இருந்தே பத்திரிகை நடத்தியவர், ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் இரங்கல் எழுதி, தனக்கு எழுத ஆளில்லாமல் போனவர். செத்து மண்ணாகிப்போன இவர்கள்மேல் எந்த அதிகாரிக்கு என்ன கோபம்? நான் மொழிபெயர்ப்பேன். அச்சுக்கோப்பவர் செல்லையா அண்ணன் ஈய எழுத்தில் கோத்து, நூலால் கட்டி, தட்டில் நீளத்தைச் சோக்கால் எழுதி அடுக்கி வைப்பார். ஐந்து அங்குலம், ஏழு அங்குலம், ஒன்பது அங்குலம்.

செல்லையா அண்ணன் மலையகத்து மனிதர். அவசரத்திலும் நிதானமாகத்தான் வருவார்.

"என்னா தம்பி, நாலு அங்குல ஓட்டைதான் இருக்கு. இந்தாளு எட்டு அங்குலம் உசுரோட இருக்காரு. கொஞ்சம் சீக்கிரமா சாகடிங்க."

சாகடிப்பேன். இளவயதிலேயே காய்ச்சலில் போன லண்டன் ஆசிரியர்கள் எங்கள் பத்திரிகையில்தான் அதிகம். பெரிய வெட்டு விழுந்த நாளில் அவர்களே பேரப்பிள்ளைகளைக் கண்டு, தொண்ணூறு வயதில் கண்ணை மூடுவார்கள்.

இந்தச் சூத்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர் பரிமளம் அக்கா. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர் வீட்டு முன்னறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். சாப்பாடும் அவரோடுதான். ஒரு நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"வெள்ளைக்காரன் இண்டைக்குக் கிழவனாய்த்தான் செத்திருக்கிறான். அப்ப எங்கயோ பெரிசா நடந்திருக்கு. என்ன தம்பி?"

அன்று சிரித்தோம். சுதாகரனும் இருந்தான், அவன்தான் பலமாகச் சிரித்தான். அக்காவின் ஒரே தம்பி, இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு மாதம் கழித்து, வேலை விட்டு வந்தவனைப் பஸ் தரிப்பில் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த வாகனம், யார் வந்தது, ஒன்றும் தெரியாது. அக்கா ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில், அப்படி ஒருவர் இங்கே இல்லை. அதன்பிறகு எங்கள் பேப்பரை அக்கா செய்திக்காகப் படிக்கவில்லை. வெள்ளைக்காரனின் நீளத்தை அளக்கத்தான் படித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பட்டியல் எங்கள் கைக்கு வந்தது. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருப்பவர்களின் பெயர்கள். வெள்ளி வரைக்கும் உறவினர் போய்ப் பார்க்கலாம், பிறகு வேறிடம் மாற்றுவார்கள். நடுவில் ஒரு வரி: சி. சுதாகரன், இரத்மலானை. அச்சுப்படி பார்த்தவன் நான். மாலையில் பட்டியல் முழுவதன் மேலும் சிவப்புக் கோடு.

"இதில ஒரு பேர் வெளியில போனாலும் நாளைக்குப் பத்திரிகை இல்லை, நாங்களும் இல்லை" என்றார் ஆசிரியர். மிகைப்படுத்தவில்லை. முந்திய மாதம்தான் எங்கள் நிருபர் ஒருவரை வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பதினான்கு அங்குலம் வெறுமை. தட்டுகளில் அவ்வளவு நீளத்துக்கு ஆளில்லை, புத்தகமும் தீர்ந்துவிட்டது. செல்லையா அண்ணன் அறிந்த இரண்டு தேயிலைத் தோட்டங்களின் பெயர்களில் ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டி ஹார்க்லெனைப் பெற்றேன். உண்மை எழுதியதற்காகச் சிறை வைத்தேன். கை தானாக எழுதியது: அவருக்கு ஒரு அக்கா. நாள் தவறாமல் சிறை வாசலில் சோற்றுக்குப் பதில் ரொட்டியோடு நிற்கிறாள். கடைசியில் தம்பியை மீட்டுக் கூட்டிப்போகிறாள். எண்பத்தொரு வயதுவரை அவரை வாழவைத்து, தேவாலயத்தோட்டத்தில் நல்லடக்கமும் செய்து கொடுத்தேன்.

அடுத்த நாள் அக்கா அதை இரண்டு தரம் படித்தார்.

"தமக்கைக்காரி கெட்டிக்காரி" என்றார். பிறகு, "இவ்வளவு நீளமாய்க் கிடக்கு. என்ன வெட்டினவங்கள், சொல்லும் தம்பி."

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில நிண்டுபோச்சு."

நம்பினார். என் தட்டில் இன்னும் கொஞ்சம் பிட்டு வைத்தார். சுதாகரன் என்று கொழும்பில் எத்தனை பேர், இவன்தான் என்று என்ன நிச்சயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். வெறும் பயம். அதற்கு வேறு பெயர்கள் வைத்து இத்தனை வருடம் தள்ளிவிட்டேன்.

ஞாயிறு காலை அக்கா தம்பியின் சேர்ட்டுகளை அழுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அழுத்துவார். அன்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். இருவரும் பஸ் பிடித்துப் போனோம். காவலில் நின்ற இளைஞன் என்னைப் பார்த்துச் சிங்களத்தில், நல்ல மனத்தோடுதான் சொன்னான்: "தம்பி, அவர்களை நேற்றே கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்திருந்தால் பார்த்திருக்கலாமே."

அக்கா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. பேப்பரை மட்டும் பிறகு அவர் தொடவில்லை.

கொட்டாஞ்சேனைக் கட்டடத்தில் இப்போது மின்விளக்குக் கடை. ஈய எழுத்துகளைக் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கிப் போனார்கள். செல்லையா அண்ணன் ஹெந்தளையில் மகள் வீட்டில் கண்ணை மூடினார். ஒழுங்கை வீட்டை இடித்து ஒன்பது மாடி எழுப்பிவிட்டார்கள், ரோட்டில் நின்றால் கடல் தெரியாது. அக்கா கனடாவுக்குப் போய், நான்கு வருடத்துக்கு முன் அங்கேயே காலமானார். மரண அறிவித்தலை இணையத்தில் பார்த்தேன். தாய், தந்தை, கணவர் எல்லோருக்கும் முன்னால் "காலஞ்சென்ற" என்று இருந்தது. "சுதாகரனின் பாசமிகு சகோதரியும்" என்ற இடத்தில் மட்டும் அது இல்லை. அக்காதான் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

நேற்று அந்தப் பெண்ணை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஹார்க்லெனை எடுத்துவிடுறன் ஐயா. அந்த இடத்தில இருந்த பட்டியலைப்பற்றி ஒரு அடிக்குறிப்புப் போடலாம். உங்களுக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"பிறந்த வருசம்?"

அதையும் சொன்னேன்.

"இறந்தது?"

இல்லாத ஒரு வெள்ளைக்காரனுக்கு நாளும் கிழமையும் இடமும் தயங்காமல் எழுதிக் கொடுத்தவன் நான். அக்கா போட விடாததை நான் எப்படிச் சொல்வது?

"அதை வெறுமையாய் விடுங்கோ பிள்ளை" என்றேன்.