ஏலப்பாறை மலைச் சுற்று: மூன்று குருசா, நாலு குருசா?

பொங்கலுக்குக் கோபாலபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கிளம்பிய பேச்சு இது. மகளின் மாமனார் சுப்பிரமணியம் போனை என்னிடம் நீட்டினார். "ஏனுங்க சம்பந்தி, உங்க ஏலப்பாறைப் பக்கம் நாலு குருசு மலைன்னு ஒரு சுத்து இருக்குதாமுங்க. பசங்க நடந்து, போன வழியைப் போன்ல கோடாப் போட்டிருக்கறாங்க."

உச்சிக்கு ஒரு சிலுவை நிற்கும், மூணுதான் என்றேன். நாலுங்க என்றார். அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் நான் கேஸ் அடுப்பை அணைக்காமல் மாதா கோயிலுக்குப் போய்விட்டேன். அதிலிருந்து, "அப்பாவுக்கு மறதி வந்துட்டு, எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி பண்ணிக் கூட்டிட்டு வந்துரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் பேசப் பேச போன் எழுதுகிறது, மருமகன் பிழை பார்க்கிறார். என்னிடம் உள்ளதெல்லாம் மண்டைக்குள் இருப்பதுதான். அதனால் எல்லார் முன்னாலும் சொன்னேன்: போய்ப் பார்ப்போம், நாலு இருந்தால் நான் இங்கேயே வந்துவிடுகிறேன்.

பிப்ரவரியில் சம்பந்தி பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏலப்பாறையிலிருந்து ஜீப். மலையடிவாரம் வரை அறுநூறு ரூபாய். டிரைவரிடமும் கேட்டேன்.

"நாலுதான் அப்பச்சா, வர்றவங்க எல்லாரும் நாலுன்னுதான் சொல்றாங்க."

"நீ பார்த்திருக்கியா?"

"ஜீப்பு போற வரைக்கும்தான் எனக்கு மலை."

மொத்தச் சுற்று பதின்மூன்று கிலோமீட்டர். முதல் உச்சி தண்ணிப்பாறை, ஒன்றரை மணி நேர ஏற்றம். பாறைக்கு அடியில் ஊற்று உண்டு, குப்பியை அங்கே நிறைத்துக்கொள்ளுங்கள், பிறகு தண்ணீர் கிடையாது. மேலே இருப்பது பலாமரக் குருசு. எங்கள் ஆட்கள் பெரிய வெள்ளிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி, அடியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். சம்பந்தி முருக பக்தர். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "ஒண்ணுங்க" என்று என் முகத்தைப் பார்த்தார்.

இரண்டாவது மொட்டமலை. பேர்தான் மொட்டை, இடுப்பளவு புல். அங்கே உள்ளது ஃபேக்டரியின் பழைய இரும்புக் குழாயில் செய்த குருசு. மூன்றாவது காத்தாடிப்பாறை, சிமென்ட் குருசு. அது எழும்பியபோது எனக்குப் பதினோரு வயது. மணல் சுமந்தேன். சிமென்ட் வார்த்த பலகைச் சட்டத்தைப் பிரிக்கும்போது சவரிமுத்து மாமா கையை நசுக்கிக்கொண்டதும், அவருடைய சட்டையின் நீலக்கோடும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன. பன்னிரண்டு மணிக்கு அங்கே கட்டுச்சோற்றைப் பிரித்தோம். "மூணுங்க," என்றார் சம்பந்தி, வாயில் சோற்றோடு.

அங்கிருந்து கிழக்கே இறங்கினால் தேயிலைக்காடு, அதற்குக் கீழே ஒரு லயம், திரும்பும் ஜீப் அங்கேதான் வரும். தெற்கே ஒரு புல் மேடு உண்டு. அதைத் தாண்டி ஒன்றுமே இல்லை. எஸ்டேட் பசு ஒன்று அந்தப் பக்கம் மேயப் போய் அப்படியே கீழே போனது. இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பனிமூட்டமாய்த் தெற்கை மூடியிருந்த மஞ்சு விலகியது. தெற்கு மேட்டின் உச்சியில், வெள்ளை வெளேரென்று ஒரு குருசு நின்றது.

"எண்ணிக்கோங்க சம்பந்தி," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

குருசையே மறந்தவன் வேறு என்னென்ன மறந்திருப்பேன்? அந்தப் பசு மெய்தானா? சவரிமுத்து மாமா என்று ஒருவர் இருந்தாரா?

"கோடு அந்த வழியாத்தானுங்க கீழ எறங்குது, போயர்லாமுங்க," என்று போனைக் காட்டினார். வேண்டாம் என்று நாக்கு வரை வந்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் நான். சம்பந்தி தப்பு என்று எப்படிச் சொல்வது? அதுவும் என் நினைப்பையே நான் நம்பாத நேரத்தில்? பின்னால் நடந்தேன். மஞ்சு மறுபடியும் மூடியது.

முக்கால் மணி நேரத்தில் குருசடிக்கு வந்தோம். அவர் நிற்காமல் போனைப் பார்த்தபடியே முன்னால் போனார். நான் வழக்கப்படி முட்டி போட்டு அடியைத் தொட்டேன். வெள்ளைச் சாயம் அடித்த குழாய், வழவழவென்று இருந்தது. மற்ற மூன்றிலும் மெழுகு உருகி உருகி விரல் கனத்துக்குக் கட்டியாகிக் கிடக்கும், நகத்தால் சுரண்டினால் வரும். இங்கே ஒரு சொட்டு இல்லை. இங்கே ஒருத்தரும் ஜெபிக்க வந்ததில்லை. அப்படியானால் இது புதுசு, பசு போனது மெய்.

"சம்பந்தி, நில்லுங்க."

"கோடு நேராத்தானுங்க..."

"நில்லும்யா."

வாழ்நாளில் அவரை நான் மரியாதை குறைத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். திகைத்து நின்றார். காற்று வீசி மஞ்சு கிழிந்தது. அவர் காலுக்கு முன்னால் இரண்டு எட்டு புல், அதற்கப்புறம் ஆகாயம். பாதாளத்தில் ரோடு நூல் மாதிரி, அதில் ஒரு லாரி எறும்பு மாதிரி. அவர் அப்படியே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து வந்தார். என் வேட்டியைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

வந்த வழியே காத்தாடிப்பாறைக்குத் திரும்பிக் கிழக்கே இறங்கினோம். தேயிலைக்காட்டில் வாச்சர் அந்தோணி எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அங்கன யாரு மாமா உங்கள போகச் சொன்னா? அது ரிசார்ட்டுக்காரன் போட்டோவுக்கு வச்சதுல்லா. வச்சு ரெண்டு மழைதான் ஆச்சு, கோயில் அச்சன் வந்து மந்திரிக்கக்கூட இல்ல. போன்ல உள்ள கோடு கயிறு கட்டித் தொங்கி எறங்குன பயலுவ போட்டது."

ஜீப்பில் ஏறியதும் மகள் கூப்பிட்டாள். "எத்தனைப்பா?" நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தி போனை வாங்கிக்கொண்டார். "நாலு இருக்குதுங் கண்ணு. உங்கப்பா மூணுன்னு சொன்னதுனாலதான் நான் இப்பப் பேசிட்டிருக்கறேன். லயத்தைக் காலி பண்ற பேச்சை விட்ருங்க."

எனக்குப் பயம் இன்னும் விடவில்லை. பள்ளத்தை நினைத்து அல்ல. ஒரு வெள்ளைக் குழாயைக் கண்டதும் அறுபது வருஷ நினைப்பை அவ்வளவு லேசாகக் கைவிட்டேனே, அதை நினைத்துத்தான்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது, அட்டைக் கடி கிடையாது. மதியத்துக்குள் மூன்றாவது உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். போன் கோட்டைப் போட்டவன் எப்படி இறங்கினான் என்று தெரியாமல் அதன் பின்னால் போகாதீர்கள். மஞ்சில் வழி தெரியாமல் ஒரு குருசடிக்கு வந்து சேர்ந்தால், முதலில் குனிந்து அடியைத் தடவிப் பாருங்கள். மெழுகு இல்லையென்றால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.