கண்ணாடித் தட்டில் ரமேஸ்

சர்மிளா ஒரு பொய் சொன்னாள். முழுப் பொய்கூட இல்லை, ஆறுதலுக்குச் சொன்ன பாதிப் பொய். அதுதான் வீட்டைப் பிடித்த சனியனாகிவிட்டது.

தம்பி ரமேஸின் பாடை ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு இறங்கிய அன்று, மண்ணில் புரண்டு அழுத தாய் பேச்சியம்மாவின் காதில், “அழாதம்மா. தம்பியோட ஒரு துளி எங்க லேப்புல உசுரோட இருக்கு. நான்தான் பாத்துக்கிறேன்” என்றாள்.

பேச்சியம்மா அத்தோடு அழுகையை நிறுத்தினாள். கருமாதிக்கு நாள் குறிக்கக் கிளம்பிய கணவர் இருளப்பனை மறித்து, “உசுரோட இருக்கவனுக்கு என்னாத்துக்குக் கருமாதி?” என்று கேட்டாள். பதினாறும் போனது, முப்பதும் போனது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு அவல் கிடைத்தது. பிள்ளை கரைசேராமல் அலைகிறானே என்று இருளப்பன் தனியே உட்கார்ந்து அழுதார்.

சர்மிளாவுக்குப் பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. கொழுந்துக்கூடை சுமக்காமல் தப்பித்த பெண் என்று லயத்தில் பெயர். உயிருள்ள கலங்களை, அதாவது செல்களை, உடம்புச் சூட்டில் வைத்து, வேளாவேளைக்கு ஊட்டம் கொடுத்து, நுணுக்குக்காட்டியில் படம் பிடிப்பாள். கத்தியில்லாமல் பாண் ரொட்டியைத் துண்டு போடுவதுபோல, மெல்லிய ஒளி கலத்தை அடுக்கடுக்காகப் படமெடுக்கும். கணினி அந்த அடுக்குகளைச் சேர்த்து முழு உருவமாக நிறுத்தும். எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ஒரேயொரு கெடுதல். ஒளியைக் கூட்டினால் படம் துலங்கும், கலம் செத்துப்போகும். அதனால் மங்கலிலேயே பார்த்துப் பழகியவள் அவள்.

ரமேஸின் காலிலிருந்து வெட்டியெடுத்த புற்றுநோய்க் கட்டியைத்தான் அவன் சம்மதத்தோடு ஆய்வுக்கு வாங்கியிருந்தார்கள். வளர்ந்தவை அந்தக் கட்டியின் கலங்கள். அவள் சொல்லாமல் விட்ட பாதி அதுதான். பாம்புக்குப் பால் வார்ப்பது என்பார்களே, அதைச் சர்மிளா சம்பளத்துக்குச் செய்தாள். இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பாம்பின் மேல் அவளுக்கே பாசம் வந்துவிட்டது. காலையில் அது வளரும் கண்ணாடித் தட்டை எடுக்கும்போது, “வந்துட்டேன்டா” என்பாள்.

மகனைப் பார்த்தே தீர வேண்டும் என்று பேச்சியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியர் மயில்வாகனத்திடம் சர்மிளா கேட்டபோது, “ஓம், கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு தட்டைத் தனியா எடுத்து வையுங்கோ, அது ஆய்வுக்குத் தேவையில்லை” என்றார்.

மழையில் கண்டிக்கு இறங்கி, பேராதனை பஸ் பிடித்துத் தாயும் மகளும் வந்தார்கள். பேச்சியம்மா முந்தானையில் தேங்காய் ரொட்டி முடிந்து வந்திருந்தாள். ரமேஸுக்குப் பிடித்தது. ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கச் சர்மிளாவுக்குத் தைரியம் வரவில்லை.

இருட்டறைக்குள், திரையில் பச்சையாக ஒரு கலம். கைகளைப் போல எதையோ நீட்டி, மெல்ல ஊர்ந்தது.

“கண்ணு… இப்புடி எளைச்சுப் போயிட்டியேடா” என்றாள் பேச்சியம்மா. பிறகு மகளிடம், “ஏன் புள்ள இருட்டுல போட்டு வச்சிருக்க? கொஞ்சம் வெளிச்சம் போடு.”

“வெளிச்சம் கூடுனா செத்துரும்மா.”

“ஐயோ, அப்ப வேணாம். இதையும் அணைச்சிரு. புள்ளைக்கு நோவும்.”

அந்த வார்த்தையைச் சர்மிளாவால் தாங்க முடியவில்லை. இதற்கு மேலும் மறைத்தால் செத்தவனுக்கே துரோகம் என்று தோன்றியது.

“அம்மா, இது தம்பி இல்ல. தம்பியக் கொன்ன கட்டி. அதுதான் உசுரோட இருக்கு.”

பேச்சியம்மா முந்தானை முடிச்சை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கா தெனம் சோறு போட்ட?”

“ஆமாம்மா.”

“வெளிச்சத்தக் கூட்டு.”

சர்மிளா கூட்டினாள். இத்தனை நாளும் காணாத தெளிவோடு படம் துலங்கியது. பேச்சியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். நேரம் ஆக ஆக, நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. உடல் உருண்டு, கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. திடீரென்று பேச்சியம்மா எழுந்து இரு கைகளாலும் திரையை மறைத்தாள்.

“போதும்டி, நிப்பாட்டு! அவன் சதையில மொளைச்சதுதானே இதுவும்!”

சர்மிளா ஒளியை அணைத்தாள். ஆனால் பட்டது பட்டதுதான். மங்கலில் மறுபடி பார்த்தபோது அது அசையவில்லை.

பேச்சியம்மா முடிச்சை அவிழ்த்தாள். ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, மகளின் கையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கெழம கருமாதிய வச்சிரலாம்னு ஒங்கப்பாகிட்ட நீயே சொல்லிரு. எனக்கு வாய் வராது.”