தேவராஜ் ஏன் ஸ்கிராப்பை அளக்கிறார்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வாரமே சௌம்யாவுக்கு ஒரு கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. ஸ்கிராப் யார்டில் ஒருவர், தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, தேறாதவை என்று தள்ளிய இரும்புப் பாகங்களை எடுத்து அளந்துகொண்டிருந்தார். உருக்கப்போகிற சாமானை யாராவது அளப்பார்களா?

அவர் மேனாம்பேடு தேவராஜ். இருபத்தாறு வருஷம் இங்கே சரக்கின் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஏழு மாதத்துக்கு முன், சோதிக்காத சரக்கைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர் கோகுல்நாத். இவர் மாட்டேன் என்றார். அடுத்த வாரமே கோகுல்நாத், நல்ல சரக்கையும் கெட்டதையும் தேவராஜ் கலந்துவிட்டார் என்று முதலாளியிடம் சொல்லி, அவரை ஸ்கிராப் யார்டுக்குத் தள்ளிவிட்டார். அப்பட்டமான பொய். கம்பெனி முழுக்கத் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மனிதர் மட்டும் தேய்த்த சட்டையோடு எட்டு மணிக்கு முன்பே வந்து நிற்பார்.

சௌம்யா நேரே போய்க் கேட்டேவிட்டாள். "எதுக்குண்ணா இத அளக்கிறீங்க?"

"கை சும்மா இருக்க மாட்டுதும்மா. ஆனா இதுல பாதி நல்ல பீஸு. நீயே பாரேன்."

அளந்தாள். நல்லதேதான். சோதனைக்கு வைத்திருக்கும் கேஜ் என்ற அளவுகருவிதான் தேய்ந்துபோய், நல்லதையும் தள்ளிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அதைச் சரிபார்க்க அனுப்ப வேண்டியவர் கோகுல்நாத். இரண்டு வருஷமாக அனுப்பவில்லை.

சௌம்யா துள்ளினாள். "முதலாளிகிட்ட சொல்லிடலாம்ணா. மேனேஜர் மாட்டிப்பார், உங்க பேரும் சரியாயிடும்!"

தேவராஜ் நல்ல பீஸ்களைத் துடைத்து ஒரு தட்டில் அடுக்கினார். ஆசை இல்லாமலா இருக்கும்? "மொதல்ல மேனேஜராண்ட சொல்றேன்" என்று எழுந்தார்.

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"வராம இன்னா? டெய்லி வருது. அதுக்குத்தான் டெய்லி அவருக்காக ஜெபம் பண்ணிக்கினு கீறேன். காலைல முட்டி போட்டுட்டு மத்தியானம் அவரு கால வாரிவுட்டா, அப்பால ஆண்டவராண்ட எந்த மூஞ்ச வெச்சிகினு பேசுவேன்?"

தட்டை ஏந்திக்கொண்டு சௌம்யாவும் பின்னாலேயே மேனேஜர் அறைக்குப் போனாள். தேவராஜ் கேஜ் விஷயத்தைச் சொன்னதும் கோகுல்நாத் முகம் வெளுத்துவிட்டது.

"என்னை மாட்டிவிடத் தோணலையா உமக்கு?"

"மொத மாசம் அதுக்குத்தான் சார் ஜெபமே பண்ணேன்" என்றார் தேவராஜ். "மொதலாளியாண்ட நீங்களே சொல்லிடுங்க. ஆனா, யாராச்சும் என்னைக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் கோகுல்நாத் சொன்னார்தான். கேஜ் தேய்ந்ததைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். முதலாளி கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். சௌம்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் கையும் தட்டியது.

மத்தியானம் தேவராஜ் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"சாப்பிடலையாண்ணா?"

"வயிறு எரியுதும்மா. மொதல்ல அவருக்காக ஒரு வாட்டி ஜெபம் பண்ணிட்டு வந்துடறேன்." பீப்பாய்களுக்குப் பின்னால் போய், மெதுவாக முழங்காலிட்டார்.

சௌம்யாவுக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றாரே, இந்த ஏழு மாதத்தில் அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேள்வி கேட்கத்தான் அவளுக்கு நன்றாக வரும். விடுவிடுவென்று மாடியேறி முதலாளி அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், தேவராஜ் அண்ணாவைக் கூப்பிட்டு, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க."