மூன்று பக்கமும் திறக்கிற லாரி

சாசிபின் லாரியைக் குறை சொல்லிவிட்டு அமாரா ஊரில் எவனும் நிம்மதியாக ஒரு தேநீர் குடித்துவிட முடியாது. ராணுவத்து லாரிதான். அவன் வெறும் சம்பளக்கார டிரைவர்தான். ஆனாலும் வாயைத் திறந்தால் "என் லாரி" என்பான். அதிலும் அதன் பக்கப் பலகைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனை நிறுத்தவே முடியாது. பின்னால் ஒரு பலகை, இடமும் வலமும் ஒவ்வொன்று. முளையை உருவிக் கொண்டியைத் தட்டினால் மூன்றும் கீலில் மடிந்து கீழே தொங்கிவிடும். குண்டுப் பெட்டிகளை மூன்று பக்கமும் ஆள் நின்று சட்டென்று இறக்கலாம். காயம்பட்டவனைக் குலுக்காமல் படுத்த வாக்கிலேயே நகர்த்தி எடுக்கலாம். ஈரானோடு நடந்த அந்த நீண்ட போரில் தெற்கு முனை முழுக்க அவன் அந்த லாரியைத்தான் ஓட்டினான்.

அவனோடு சரிக்குச் சரி வாயாடியவன் மத்லூப் ஒருத்தன். அவனுடைய லாரி நாலு பக்கமும் இரும்புத் தகடு அடித்தது, பின்னால் மட்டும் ஒரு கதவு.

"உன் வண்டி ஆட்டுப்பட்டிடா மத்லூப். ஒரே வாசல். முன்னாடி நிக்கிற ஆடு நகர்ந்தாத்தான் பின்னாடி ஆட்டுக்கு வழி."

"இருந்துட்டுப் போகட்டும். ஏத்தின ஆடு இறக்குற வரைக்கும் உள்ளயே இருக்கும். உன் வண்டில எவன் சாஞ்சு உக்காந்தானோ அவன் ரோட்டுல கிடப்பான். அந்தச் சமையக்காரன் சோத்து அண்டாவோட விழுந்தானே, மறந்துட்டியா?"

"அண்டாவுக்கு ஒண்ணும் ஆகலையே!"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சமையல்காரனுக்கு இடுப்பு முறிந்தது வேறு விஷயம். சேறு அடைத்து முளை சரியாக இறங்காவிட்டால் கொண்டி தானாகக் கழன்றுகொள்ளும் என்பது சாசிபுக்கும் தெரியாததல்ல. சொந்தப் பிள்ளையின் குறையை எவன் வெளியே சொல்லுவான்?

அந்த வாக்குவாதத்தை ஒரு விமானம் வந்து முடித்து வைத்தது. சதுப்பு நீருக்கு நடுவே போட்ட கரைப்பாதையில் இரண்டு லாரிகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே இருந்தவர்கள் விமானத்தைப் பார்த்துவிட்டு டிரைவர் தலைக்கு மேல் கூரையைத் தடதடவென்று தட்டினார்கள். மத்லூப் நிறுத்தினான். பாவி, நட்ட நடுப்பாதையில் நிறுத்தினான். அத்தனை பேரும் அந்த ஒரே கதவில் முட்டி மோதி நசுங்கிக்கொண்டிருக்கும்போதே குண்டு விழுந்தது. சாசிப் நிறுத்தவில்லை. மிதித்தான். எதிரே தெரிந்த பேரீச்சந்தோப்புக்குள் வண்டியைச் செருகிய பிறகுதான் பிரேக் போட்டான். சேற்றில் இறுகிய இரும்பு முளைகளைச் சுத்தியலால் தட்டி உருவி, பலகைகளை உதைத்துத் தள்ளிவிட்டு ஆட்கள் மூன்று பக்கமும் குதித்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. மத்லூபைத் தேடிப் போனபோது அவனை அள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாசிப் வாய்விட்டு அழுதான்.

அன்றிலிருந்து அந்தப் பிரிவு டிரைவர்களுக்கு இரண்டு விஷயம் சட்டமாகிவிட்டது. கூரையில் தட்டினால் நிற்காதே, மிதி, மரநிழலுக்குப் போய் நிறுத்து. இது ஒன்று. பலகைக்கு இரும்பு முளை போடாதே, அது சேற்றில் இறுகிவிடும். பேரீச்ச மட்டையைச் சீவிச் செருகு, ஒரே உதையில் முறியும். இது மற்றது. மட்டை முளையைச் சீவுவதில் சாசிபை மிஞ்ச ஆளில்லை. பேச்சுக்கு நடுவே அவன் கை பாட்டுக்குச் சீவிக்கொண்டே இருக்கும்.

போர் முடிந்தது. மூச்சு விடுவதற்குள் குவைத் போர் வந்தது. அதில் தோற்று, பிரிவு சிதறி, அதிகாரிகள் போன திசை தெரியாமல் போனபோது சாசிப் லாரியை நேராக அமாராவுக்கு, தன் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டான். வீட்டில் மனைவி ஃபஹீமாவும் மகள் ஷஹ்லாவும் இருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல், ஊரார் அவனை "காணாதவனின் தகப்பன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவள் ஷஹ்லா. அவள் பிறந்த நாளிலிருந்து அவன் அபூ ஷஹ்லா, ஷஹ்லாவின் தகப்பன். மகன் இல்லையே என்று யாராவது உச்சுக் கொட்டினால் அடிக்கவே போவான்.

அந்த வசந்தத்தில் ஊர் பற்றி எரிந்தது. அரசுக்கு எதிராக ஜனம் கிளம்பிவிட்டது. தெருவில் சண்டை, தலைக்கு மேல் ராணுவ ஹெலிகாப்டர். அக்கம்பக்கத்தார் எல்லோரும் அவன் வாசலில் கூடிவிட்டார்கள். சதுப்புக்குள், நாணற்காட்டுக்குள் போய்விட்டால் பிழைத்தோம், கொண்டுபோய் விடு என்றார்கள். மெத்தை, பாத்திரம், கோழி, குழந்தை எல்லாம் லாரியில் ஏறின. சாசிப் வழக்கம்போல மட்டை முளையைச் செருகிக்கொண்டிருந்தான்.

ஃபஹீமா பார்த்துவிட்டாள்.

"இதென்ன குச்சி? இரும்பு முளை எங்க?"

"சீட்டுக்கு அடியில டப்பால இருக்கு."

"எடுத்துப் போடுங்க. பின்னாடி பூரா புள்ளைங்க. பலகைலதான் சாஞ்சுக்கிட்டு உக்காருவாங்க."

"ஹெலிகாப்டர் வந்தா அந்த இரும்ப யாரு உருவுறது? உங்கப்பன் வருவானா சுத்தியலோட?"

"எங்கப்பன ஏன் இழுக்குறீங்க? இது உங்க பட்டாளம் இல்ல, அபூ ஷஹ்லா. இதுங்களுக்குக் குதிக்கத் தெரியாது. சாயத்தான் தெரியும்."

"ஃபஹீமா, நீ மத்லூபப் பாக்கல. நான் பாத்தேன். ஏறு."

அவள் ஏறினாள். முன்சீட்டில் அவளுக்குத்தான் இடம் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டு நிறைமாதக்காரிக்குக் கொடுத்துவிட்டு, மகளோடு பின்னால் போய் உட்கார்ந்தாள். டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியை ஒரு மெத்தை மூடிக்கொண்டது.

ஊரைத் தாண்டிக் கரைப்பாதையில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். மறைவென்றால் தூரத்தில் தெரிந்த தோப்பு ஒன்றுதான். சாசிப் பாதையைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம். அதனால்தானோ என்னவோ அந்தப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. பின்சக்கரம் விழுந்து எழுந்தது. முன்சீட்டுக்காரி "யா அலீ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் மட்டை முளை முறிந்தது. இடப்பக்கப் பலகை மடிந்து தொங்கியது. அதில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஷஹ்லா அதோடு போனாள். போனவள் விழவில்லை. பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு தொங்கினாள். ஒரு கிழவர் குப்புறப் படுத்து அவள் சட்டைக் கையை எட்டிப் பிடித்துவிட்டார். வண்டி நின்றிருந்தால் போதும். ஐயோ, ஒரு கணம் நின்றிருந்தால் போதும், தூக்கிப் போட்டிருப்பார்கள்.

ஃபஹீமா மெத்தைகள் மேல் ஏறி ஓடி, கூரையை இரண்டு முஷ்டியாலும் தட்டினாள்.

எஞ்சின் இரைச்சலில் சாசிபுக்குத் தட்டல் மட்டும்தான் கேட்டது. பொட்டல் கரை. கூரையில் தட்டுகிறார்கள். அவன் யோசிக்கவே இல்லை, கால்தான் யோசித்தது. மிதித்தான். தட்டல் கூடியது, வந்துவிட்டது, தலைக்கு மேலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் மிதித்தான். "பயப்படாதம்மா, தோப்பு வந்துடுச்சு, பொழச்சுக்குவோம்" என்று முன்சீட்டுக்காரிக்குத் தைரியம் வேறு சொன்னான்.

தோப்புக்குள் நிறுத்திவிட்டுக் குதித்து, "உதைங்க! குதிங்க!" என்று கத்தியபடியே பின்னால் ஓடினான். ஒருவரும் குதிக்கவில்லை. பலகை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. கிழவர் கையில் கிழிந்த சட்டைக் கை இருந்தது. பூப்போட்ட துணி. சாசிப் அதைப் பார்த்தான், பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். நீலமாக, சுத்தமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க எது வரக்கூடாது என்று பயந்தானோ அதைத் தேடினான். ஒன்றாவது வந்திருக்கக் கூடாதா என்று கெஞ்சினான்.

ஃபஹீமா அதற்குள் இறங்கி, வந்த வழியே ஓடிக்கொண்டிருந்தாள்.

ஊர் வழக்கப்படி அடக்கம் செய்யவேண்டிய புனித நகரமான நஜஃபுக்குப் பாதை அடைபட்டிருந்ததால், குழந்தையை அப்போதைக்குத் தோப்போர மண்ணில் அடைக்கலமாகப் புதைத்தார்கள். வழி திறந்ததும் எடுத்துப்போய் அங்கே அடக்கம் செய்யலாம் என்று. எடுத்துப்போகவும் செய்தார்கள், வாடகைக் காரில். லாரியை ராணுவம் வந்து ஓட்டிக்கொண்டு போயிற்று. சாசிப் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவன் எந்த வண்டியும் ஓட்டவில்லை. மீன் சந்தையில் பனிக்கட்டி உடைக்கிறான்.

அவனைத் தின்றது என்ன தெரியுமா? ஃபஹீமா ஒன்றுமே சொல்லாததுதான். வேளைக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் கிடந்தால் தலையைப் பிடித்துவிட்டாள். இரும்பு முளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வருஷங்கள் இப்படியே போயின. ஒரு நாள் மத்தியானம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் போய் எதிரில் உட்கார்ந்தான்.

"ஒரு தடவ திட்டிடு ஃபஹீமா. நீ சொன்ன, நான் கேக்கல. குச்சியச் சொருகினேன். வாய்விட்டுச் சொல்லிடு. இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"குச்சிக்கு நான் உங்கள எதுவும் சொல்லல. பயம், போட்டீங்க. எனக்கும்தான் ஹெலிகாப்டர்னா பயம். ஆனா தட்டினது நான். இத்தன வருஷம் வெளிக்கதவ நான் தட்டினா, நான்தான்னு உள்ளருந்தே தெரிஞ்சு வந்து தொறப்பீங்களே... அன்னிக்கு என் கை உங்களுக்குத் தெரியலையா?"

அவள் முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.