கண்ணாடியில் கையசைத்தவள்

பேயைப் பார்த்தேன் என்று சொல்பவனை நான் பக்கத்தில் சேர்ப்பதில்லை. வீடு மாதிரி வசதி செய்த கேரவன் வண்டியில் ஊர் ஊராகத் திரியும் கிழடுகளை எனக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலமானால் நெருப்பு மூட்டுவார்கள், மடக்கு நாற்காலியை விரிப்பார்கள், கையில் பீரோடு புளுக ஆரம்பிப்பார்கள். ஒருத்தன் நாயைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போவான். ஒருத்தி வாசலில் 'எங்கள் சொர்க்கம்' என்று பலகை மாட்டுவாள். அந்தச் சொர்க்கத்தின் கக்கூஸ் தொட்டியை யார் காலி செய்வது என்று பலகையில் எழுதியிருக்காது.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். பெயர் வெர்லின். நெப்ராஸ்காவில் ரோடு சமப்படுத்தும் வண்டி ஓட்டிப் பிழைத்தவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டை விற்றுவிட்டு நாடு முழுக்கச் சுற்றலாம் என்றாள் என் மனைவி ஆர்டிஸ். சுற்றுகிறோம். நான் அதிகம் படிக்காதவன். ஜோடித்துப் பேசத் தெரியாது. நடந்தது இதுதான்.

அக்டோபர் மாசம். தெற்கு டகோட்டாவில் கேரவன்கள் தங்கும் ஓர் ஏரிக்கரை கேம்ப். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறரை மணி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூறல் வேறு.

டெல்மர் என்று ஒரு கிழவன் பேட்டரி வண்டியில் வந்து மறித்தான். அந்தக் கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவன். இந்த ஆட்களுக்குச் சும்மா தங்க ஓர் இடமும் நெஞ்சில் குத்த ஒரு பேட்ஜும் கொடுத்தால் போதும், கவர்னர் ஆகிவிட்டதாக நினைப்பு.

"கடைசி எடம் மட்டுந்தான் காலியா இருக்கு அண்ணே. ஆனா ரிவர்ஸ்ல போவாதீங்க. வண்டி மூஞ்ச உள்ள விட்டு நிறுத்திருங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்."

"ஏன்?"

"ஏரி நல்லாத் தெரியும்ல..." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஏரிய நீயே வெச்சுக்க. மூஞ்ச உள்ள விட்டா வண்டிக்குப் பின்னால இருக்கற என் ஓஸ் அந்தக் கோடியில இருக்கற தண்ணிக் கொழாய்க்கு எப்படி எட்டும்? உன் தொப்பியில பிடிச்சுக் குடுப்பியா?"

ஆர்டிஸ் என் விலாவில் இடித்தாள். "அந்தாளு நல்லதுக்குத்தான் சொல்றாரு. எறங்கற எடத்துல எல்லாம் ஒரு சண்டையா கெழவா?"

"நல்லதுக்குச் சொல்றவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவான்" என்றேன்.

அவள் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கேரவன்காரர்களிடம் ஒரு சட்டம் உண்டு. புருஷன் ரிவர்ஸ் எடுப்பான். பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தால்தான் வண்டி நகரும். மறைந்தால் பிரேக். இதை மறந்தவன் மரத்தில் மோதுவான், இல்லை விவாகரத்து வாங்குவான். வண்டிக்கு நேர் பின்னால் மட்டும் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அங்கே யாரும் நிற்கக் கூடாது.

இடது கண்ணாடியில் மஞ்சள் கோட்டு தெரிந்தது. வா என்று கை அசைத்தாள்.

போனேன்.

சத்தமே இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது. ஆர்டிஸ் சும்மா கை காட்டுகிற ஜாதி இல்லை. "ஒடி! ஒடி! கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேம்ப் முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். இப்போது தூறல் மட்டும் கூரையில் டப்... டப்... என்று விழுந்தது.

கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வா... வா... கை அசைந்துகொண்டே இருந்தது.

வண்டி பின்னால் போகப் போக, நிற்கிறவள் கண்ணாடியில் பெரிதாகத் தெரிய வேண்டும். அவள் பெரிதாகவில்லை. அதே அளவு. அதே தூரம்.

கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். வா. சீக்கிரம் வா.

இரண்டு கைகளையும்...

ஆர்டிஸுக்கு வலது தோளில் ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம். அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. தலை சீவி விடுவதே நான்தான்.

பிரேக்கை மிதித்தேன்.

எஞ்சினை அணைத்தேன்.

கண்ணாடியில் இன்னும் கை அசைந்துகொண்டிருந்தது.

பிறகு... இல்லை.

"ஆர்டிஸ்!"

"இங்கதான் இருக்கேன்..."

குரல் நேர் பின்னாலிருந்து வந்தது.

ஓடினேன். அவள் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியின் பம்பர் அவள் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்னால் குழாயின் இரும்புக் கம்பம். எழுந்திருக்க இடமில்லை.

இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். கை காட்டியவள் நின்ற இடத்தில் தரையே இல்லை. கரை அங்கே செங்குத்தாக முடிகிறது. அதற்கப்புறம் தண்ணீர்.

"அறிவிருக்கா உனக்கு? வண்டிக்குப் பின்னால போய் உக்காருவாளா ஒருத்தி?" என்று கத்தினேன். பார்த்ததைச் சொல்லவில்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து புளுகும் கூட்டத்தில் நானும் சேர வேண்டுமா?

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் கிளம்பினோம். கேட்டில் டெல்மர் நின்றிருந்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ரெண்டு பேருமாவே போறீங்க..." என்றான். "நல்லது."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆர்டிஸ் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. இடித்துவிடப் பார்த்தேனே, அந்தக் கோபம் என்று விட்டுவிட்டேன். வயோமிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் வாயைத் திறந்தாள். முட்டையும் ரொட்டியும் ஆறிப்போய்க் கிடந்தன.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு."

"கேளு."

"அன்னிக்கு நீ வண்டிய விட்டு எறங்கி வந்த. கொழாகிட்ட நின்னு என்னக் கூப்பிட்ட. 'இங்க வா தங்கம், இதக் கொஞ்சம் குனிஞ்சு பாரு'ன்னு சொன்ன."

கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

"நாப்பத்தோரு வருஷத்துல நீ என்னத் தங்கம்னு கூப்பிட்டதே இல்ல. அந்த ஆசையிலதான் வந்தேன். மண்டி போட்டு உக்காந்தேன். நீ திரும்பிப் போயி வண்டியில ஏறி... ரிவர்ஸ் எடுத்த."

அவள் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை.

"ஏன் வெர்லின்?"

நான் சீட்டை விட்டு எழவே இல்லை என்றேன். கண்ணாடியில் பார்த்ததையும் சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா, தெரியவில்லை.

இன்னும் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் எஞ்சினை அணைத்ததும் அவள் கையை நீட்டுகிறாள். சாவியைக் கழற்றிக் கொடுக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இறங்குகிறாள்.