செல்லாயி கேட்ட வீடு

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அந்த வீட்டில் ஒரு பகல் தனியாக இருந்துவிட்டு வந்து பேசட்டும். ராத்திரிகூட வேண்டாம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை மூட்டை முடிச்சோடு விரட்டிய வருஷம். ஈப்போவில் வீட்டுத் தரகர் பத்துமலைக்கு நல்ல காலம். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று இருந்தார். கூரை ஒழுகினால் "காத்தோட்டமான வீடு" என்பார். பக்கத்தில் பன்றிக் கொட்டடி இருந்தால் "கலகலப்பான அக்கம்பக்கம்" என்பார். இப்படிப் புளுகிச் சேர்த்த காசில், புதிதாய்க் கல்யாணமான, தாயில்லாத ஒரே மகள் நல்லம்மாளுக்கு ஒரு வீடு வாங்கியிருந்தார். அவர் உயிரே அவள்தான்.

தொழிலில் அந்த வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. வருகிறவர்களுக்கு முதலில் அதைக் காட்டுவார். அவர்கள் ஆசைப்பட்டதும், "அடடா, இது போயிருச்சே" என்று ஒரு பொத்தல் வீட்டைத் தலையில் கட்டுவார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் செல்லாயி வந்தாள். பீடோர் பக்கத்துத் தோட்டமாம். இடுப்பில் ஒரு பித்தளைச் செம்பு.

"தனி வீடு வேணும் அண்ணே. எனக்குன்னு ஒரு அடுப்பு, ஒரு கதவு."

அவள்மேல் புளித்த ரப்பர் பால் வாடை. பால் வெட்டின உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று பத்துமலை மூக்கைச் சுளித்துக்கொண்டார்.

மகள் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"கூப்பிடாம எப்படி அண்ணே வாரது?"

எல்லாரிடமும் சொல்வதையே சொன்னார்.

"வலது கால எடுத்து வச்சு வாங்கம்மா. உங்க வீடுன்னே நெனச்சுக்குங்க."

வந்தாள்.

காலையில்தான் தரை மெழுகியிருந்தது. ஈரத்தில் அவர் காலடி பதிந்தது. அவளுடையது... பதியவில்லை.

சுவரில் காயாத சுண்ணாம்பு. உள்ளங்கையை அழுத்தி எடுத்தாள். கை வெள்ளையாகவில்லை.

அவள் அடுப்படிக்குப் போனாள்.

டங்...

செம்பைக் கீழே வைக்கும் சத்தம்.

"புடிச்சிருக்கு அண்ணே. இங்கயே இருந்துக்கிறேன்."

"இது... என் மகளுக்கு வாங்குனதும்மா."

எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் வீட்டுக்குக் கெட்ட பெயர், தரகருக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை மகளும் மருமகனும் பால் காய்ச்சிக் குடிபோனார்கள்.

அடுத்த வாரம் பீடோர் தோட்டத்துக் கங்காணி ராமையா ஈப்போவுக்கு வந்தார். பத்துமலை மெல்ல விசாரித்தார்.

"செல்லாயியா? புருசன் செத்ததும் லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு தொர. நான்தான் தெனம் போயி 'எப்ப காலி பண்ற?'ன்னு கேட்டேன். போக எடமில்ல, பாவம். அடுப்புப் பக்கத்துலயே செத்துக் கெடந்தா."

"எப்போ?"

"மாசியிலயே."

இது ஆவணி.

பத்துமலை விழுந்தடித்து ஓடினார். தெருவிலேயே புளித்த வாடை. நல்லம்மாள் முகம் வெளுத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரோ அடுப்பு ஊதும் சத்தம்.

ஃபூ... ஃபூ...

"அப்பா... நீங்க குடிவச்சீங்களாமே, அந்த அக்கா... தெனமும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க."

"என்ன?"

"எப்ப காலி பண்றன்னு."