ஜோசப் இழுத்த சூரை

மார்ச் 9, ஞாயிறு. வழக்கம்போல ஐந்துக்கு எழுந்து, லாஸ்பேட்டை வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மனைவியின் தம்பி ஜோசப்போடு அவன் படகில் கடலுக்குப் போனேன். தோள் ஆபரேஷனுக்குப் பின் அவன் கையில் வலுவில்லை என்று, படகை விற்க நான்தான் ஆள் பார்த்திருந்தேன்.

பறவைகள் மொய்த்த இடத்தில் சூரை மீன் கூட்டம் துள்ளியது. மீன் மிரளாமலிருக்க ஜோசப் கூட்டத்தின் ஓரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, இறகு கட்டிய தூண்டிலை வீசினான். மீன் கவ்வியதும் அவன் கை முன்னே இழுபட்டது. தூண்டில் நரம்பைப் பிடிக்கப் போனேன்.

"கைய எடுங்க மாமா. மீனு உங்க தூண்டிலயா கடிச்சிது?"

உட்கார்ந்துவிட்டேன். அவன் விட்டு விட்டு இழுத்து, சூரையைப் படகில் போட்டான். "நீங்க புடிச்சதுன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்று சிரித்தான்.

அவனால் முடியாது என்று, அவனைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறேன். மறுநாள் காலை முதல் வேலையாக, படகை விற்கலாமா என்று ஜோசப்பைக் கேட்டேன்; வேண்டாம் என்றான். பிறகுதான், வாங்க இருந்தவருக்குப் போன் செய்து, படகு விற்பனைக்கு இல்லை என்றேன்.